கடலாயிக்கு ஒரு பக்கம்

ஓரியூர்த் திருவிழாக் கடைகளில் செபமாலைக்கும் உத்தரியத்திற்கும் அடுத்தபடியாகப் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுப்பவை படக்கதை நூல்கள்தாம். நோவாவின் பேழை, சிங்கக் குகையில் தானியேல், யோனாவை விழுங்கிய மீன், ஊதாரி மைந்தன் என்று வழவழப்பான தாளில், கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் அவை அடுக்கப்பட்டிருக்கும். ஞாயிறுதோறும் கடற்கரைப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி வகுப்பு நடத்தும் எனக்கு, ஆண்டுதோறும் அவற்றுள் இரண்டொன்றை வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. இப்போது என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய அத்தகைய நூல்கள் உள்ளன. மழை நாள்களில், பிள்ளைகள் குறைவாக வரும்போது, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். பாடத்தை நான் நடத்துவதைவிட அந்த வேளைகளில் அவர்கள் அதிகம் கற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்நூல்களுள் பெரும்பாலானவை பிறந்த இடம் நம் நாடன்று. அயல்நாட்டுப் பதிப்பகங்கள் ஒரே படத் தொகுதியைப் பல மொழிகளுக்கும் சேர்த்து அச்சிடும் முறை ஒன்று உண்டு. நான்கு வண்ண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று தகடுகளும் எல்லா மொழிக்கும் பொது. எழுத்துகள் கறுப்புத் தகட்டில் மட்டும் இருப்பதால், அதை ஒன்றை மாற்றினால் போதும்; ஒரே ஓட்டத்தில் ஆங்கில நூலும் தமிழ் நூலும் சுவாகிலி நூலும் வந்துவிடும். விலை குறைவதற்கு இதுவே காரணம். ஏழைப் பிள்ளைக்கும் வண்ணப் புத்தகம் எட்டுகிறதென்றால் அதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் படம் மாறாது. ஆங்கிலத்திற்கென விட்ட சிறு வெள்ளை இடத்தில் நம் நீண்ட சொற்களை நெருக்கித் திணிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எழுத்து எறும்பாகச் சிறுத்துப்போகும். இல்லையேல் கதை பாதியாகக் குறைந்துபோகும். ஊதாரி மைந்தன் வீடு திரும்பும் பக்கத்தில், மூத்த மகனின் மனக்குறையை முழுவதுமாக விட்டுவிட்ட நூல் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. இடமில்லாமையே காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த உவமையின் பாதி அங்கேயல்லவா இருக்கிறது!

எங்கள் பிள்ளைகள் கடலின் பிள்ளைகள். அவர்களிடம் இயேசு புயலை அடக்கிய படத்தைக் காட்டிப் பாருங்கள். ஒருமுறை பத்து வயதுச் சிறுவன் ஒருவன் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சார், காத்து இப்படி அடிக்கிறப்போ பாயை எவனாவது விரிச்சு வைப்பானா? படகு கவுந்துடாதா?" என்றான். உண்மைதான். அலை படகுக்கு மேலே எழுந்து நிற்கிறது. பாயோ முழுவதும் விரிந்து புடைத்திருக்கிறது. அதற்குள் இன்னொருவன், அணியத்தில் நிற்பவர் பிடித்திருக்கும் துடுப்பு எதற்கும் உதவாது என்று கண்டுபிடித்துவிட்டான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையைத் தாத்தா பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இன்றும் அங்கே மணலில் நிற்கும் இடிந்த கோவிலைப் பார்த்தவர்கள். "சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா" என்று சீடர்கள் கேட்டதன் பொருளை இவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. படம்தான் அவர்களுக்கு நம்பும்படியாக இல்லை. நிகழ்ச்சியை அவர்கள் நம்பினார்கள்.

மீன்களின் கதையும் அப்படியே. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் காட்சி தந்தபோது வலையில் விழுந்த மீன்கள் 153 என்று யோவான் எண்ணிச் சொல்கிறார். படத்திலோ எல்லா மீனும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பாறையா, சீலாவா, நகரையா, காரலா என்று எங்கள் வகுப்பில் பெரும் வழக்கே நடந்தது. ஏரி மீன் வேறு, கடல் மீன் வேறு என்று சொல்லி முடித்து வைத்தேன்.

இந்த 153 என்ற எண்ணைச் சொல்லும்போது வேறொரு நூலும் நினைவுக்கு வருகிறது. இயேசு சபைக் குருவான ஜெரோம் நதால் திட்டமிட்ட நற்செய்திப் படநூல், அவர் இறந்த பின் 1593இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளிவந்தது. செப்புத் தகட்டில் செதுக்கிய 153 படங்கள் அதில் இருந்தன. படத்தில் ஆங்காங்கே எழுத்துக் குறி இட்டு, கீழே அந்தந்த எழுத்துக்கு நேராக விளக்கம் தந்திருப்பார்கள். பார்ப்பவர் ஒவ்வோர் இடமாக நின்று தியானிக்கலாம். அந்நூல் கப்பலேறி முகலாய அரசவை வரை வந்தது, சீனத்திற்கும் போயிற்று. சீனத்தில் ஜூலியோ அலேனி என்ற குரு 1637இல் அதைத் தழுவிப் படநூல் ஒன்றை வெளியிட்டபோது, அந்நாட்டு அச்சுக்கலைஞர்கள் அதைத் தம் மரப்பலகை முறையில் செதுக்கினார்கள். சில இடங்களில் முகமும் மேகமும் அவர்கள் நாட்டு ஓவியத்தின் சாயலைப் பெற்றன. மொழியை மட்டும் மாற்றி அவர்கள் அமையவில்லை. படத்தின் கோடும் மாறியது.

எழுத்தறியாதார்க்கு ஓவியமே நூல் என்னும் கருத்தை ஏறத்தாழ கி.பி. 600இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மர்சேய் ஆயர் செரேனுசுக்கு எழுதினார். திருவுருவங்களை உடைத்தெறிந்த அந்த ஆயரைக் கண்டிக்க எழுதிய மடல் அது. நம் கரையில் கதை சற்று வேறு. இங்கே படத்துக்கு முன் பிள்ளைகளே நூலாக இருந்தார்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், செபங்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கி, நோயாளிகளின் வீடுகளுக்கு அவர்களையே அனுப்பினார் என்பதை அவருடைய மடல்களிலேயே காணலாம். அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்டது. இந்திய மொழி ஒன்றில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது என்பது நாம் அறிந்ததே. 1586இல் அவர் தந்த 'அடியார் வரலாறு' பல நூறு பக்கங்கள் விரிந்த பெருநூல். புனிதர்களின் கதைகளைப் பரதவர் வீட்டுக்குள் கொண்டுவந்த நூல் அதுவே. இன்று கடைகளில் விற்கும் புனிதர் படக்கதைகளுக்கெல்லாம் அதைப் பாட்டி என்றே சொல்லலாம்.

அன்றிக்கேயார் பேசிய தமிழுக்கும் இன்றைய நூல்களின் தமிழுக்கும் இடையே பிள்ளைகள் தடுமாறுவதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பாட்டி சொல்வது இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் படக்கதை நூலிலும் இருப்பது பேதுரு, பவுல், யோசேப்பு. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி, இராயப்பரும் பேதுருவும் அண்ணன் தம்பி என்றே வெகுநாள் எண்ணியிருந்தாள். நூல் எழுதுவோர் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பாட்டியின் பெயரையும் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்தைப் பார்த்திராதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். இன்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைக் காத்து வருகிறது. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிய இரகுநாத கிழவன் சேதுபதி எழுப்பிய மண்டபம் அது. அவருக்குப் பின் அரசாண்ட முத்து விசய இரகுநாத சேதுபதியின் காலத்தில் அதன் சுவர்கள் முழுவதும் ஓவியம் தீட்டப்பட்டது. இராமாயணமும் பாகவதமும் கட்டங்கட்டமாக ஓடுகின்றன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் இருக்கிறது. ஐரோப்பியரை அரசர் அவையில் வரவேற்கும் காட்சியும் இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் இன்னது நடக்கிறது என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். மேலே படம், உடன் ஒரு வரி. அதை முடித்து அடுத்த கட்டம். இதைத்தானே நாம் படக்கதை என்கிறோம்? மும்பையிலிருந்து 1967இல் அமர் சித்திரக் கதை தொடங்குவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே எங்கள் மாவட்டத் தலைநகரின் சுவரில் படக்கதை இருந்திருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றபோது அவர்கள் சத்தமில்லாமல் சுவரை ஒட்டியே நடந்தார்கள். பக்கம் புரட்டுவது போல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார்கள். நம் நூல்களுக்கு வேண்டிய கோடும் காவியும் கண்ணமைப்பும் அந்தச் சுவரிலேயே கிடைக்கின்றன. கோவா ஓவியர் ஆஞ்செலோ த பொன்சேகா கன்னி மரியாவுக்குச் சேலை உடுத்தி வரைந்தபோது சொந்த ஊரிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார் என்பது தெரியும். இருந்தாலும் இன்று அவ்வளவு எதிர்ப்பு இராது என்றே நம்புகிறேன்.

ஆனால் முகத்தையும் உடையையும் மாற்றுவது எளிய பகுதி. கதையை எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம்.

மண்டபத்திற்கு மேற்கே இருக்கும் வேதாளையை எடுத்துக்கொள்வோம். 1549இல் அங்கே உயிர்துறந்த அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் இயேசு சபையின் முதல் மறைச்சாட்சி. இத்தாலியின் பார்மா பகுதியைச் சேர்ந்தவர். முப்பது வயதை எட்டாதவர். பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும் வழக்கமான முறை, 'வடுகர் படை வந்தது, குருவைக் கொன்றது' என்பதே. படை ஏன் வந்தது? அங்கே கோட்டையிட்டிருந்த போர்த்துக்கீசியத் தலைவர், இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை மறித்து வரி வாங்கினார். சேதுவில் நீராட நெடுந்தொலைவு நடந்து வந்தவர்களிடம் காசு கேட்டுக் கை நீட்டினார். அந்தக் கொடுமைக்கு எதிராகவே படை புறப்பட்டது. வீரர்கள் படகுகளுக்கு ஓடியபோது, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றுவதற்காகக் கரையில் நின்றவர் கிரிமினாலியார். தாமும் ஏறியிருக்கலாம்; ஏறவில்லை. ஈட்டிகளுக்கு இரையானார்.

வரிக் கதையை விட்டுவிட்டால் அவருடைய மரணம் பெரிதாகத் தெரியும் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு நேர் எதிராகவே தோன்றுகிறது. பிறர் செய்த அநீதியின் விலையைத் தாம் கொடுத்து, யாருடைய பிள்ளைகளையோ காப்பாற்றியவர் அவர். வரியை மறைத்தால் அந்தப் பெருமையும் சேர்ந்தே மறைந்துபோகிறது. அதோடு, எங்கள் பிள்ளைகள் பள்ளியில் யாத்திரிகர்களுக்குச் சங்கும் பாசிமணியும் விற்கும் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்கிறவர்கள். யாத்திரிகருக்கு அன்று இழைக்கப்பட்ட அநியாயத்தை அவர்கள் முதலில் நம் வாயிலிருந்தே கேட்கட்டும்.

இனி ஓரியூருக்கு வருவோம். 1647இல் லிசுபனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, நோயுற்ற சிறுவனாக இருக்கையில் தாயின் நேர்ச்சையால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையினரின் அங்கியை அணிந்து அரண்மனையில் நடமாடியவர். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. பின் மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்து, காவி உடுத்து, புலால் மறுத்து, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்து அருளானந்தர் ஆனார். 1693 சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, மறவர் நாட்டின் தலைவர்களுள் ஒருவரான தடியத் தேவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதற்கு முன் தேவர் தம் மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களுள் கடலாயி ஒருத்தி. அவள் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. இரண்டு நாளில் குரு கைதானார். ஓரியூரில் பாம்பாற்றங்கரையில், பெப்ருவரி 4ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. அவ்வாண்டு அது திருநீற்றுப் புதன். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லும் படங்களையும் நாடகங்களையும் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். அவற்றில் ஒரு விதி இருக்கிறது. வெளுத்த முகம் புனிதருடையது. கறுத்த முகமும் பெரிய மீசையும் கொலைகாரருடையவை. மறவர் குலத்துப் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்களுடைய தந்தைமாருக்கும் மீசை உண்டு. இராமலிங்க விலாசத்தைக் கட்டிய அதே சேதுபதிதான் தண்டனைக்கு ஆணையிட்டவர் என்று அறிந்தபோது ஒருவன், "அப்போ அவரு நல்ல ராசாவா, கெட்ட ராசாவா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. என் பெட்டியில் இருக்கும் நூல்களில் எதுவும் அவனுக்கு உதவவில்லை.

கடலாயியின் நிலையோ இதைவிட மோசம். நாடகங்களில் அவள் கண்ணை உருட்டிக்கொண்டு வருவாள். திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளோடு அவளை ஒப்பிடுவது நம் மறையுரைகளில் பழகிப்போன ஒன்று. இரு புனிதருக்கும் ஒரே பெயர். இருவரும் திருமண நெறியை வலியுறுத்தியே மடிந்தனர். ஆகவே ஒப்புமை இயல்பாக நாவில் வந்துவிடுகிறது. ஆனால் ஏரோதியாள் கணவனை விட்டு அவன் சகோதரனோடு சேர்ந்தவள். கடலாயி யாரை விட்டாள்? அன்றைய நாட்டு வழக்கப்படி ஒருவருக்கு மனைவியாகி வந்தவள். ஒருநாள், அவள் குற்றம் எதுவும் இல்லாமல், மனைவியல்லள் என்று ஆக்கப்பட்டாள். ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறியில் அருளானந்தர் உறுதியாக நின்றது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. அந்நெறியின் பாரம் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. புனிதரின் உறுதியைப் போற்ற அவளைப் பேயாக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவும் வெறும் எண்ணமாகவே இருந்திருக்கும். எங்கள் பங்கில் அருளானந்தரைப் பற்றிப் பிள்ளைகளுக்கான சிறு படநூல் ஒன்று கொண்டுவரத் தீர்மானித்து, வாசகத்தை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். படம் வரைய, தங்கச்சிமடத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி முன்வந்தாள். சிவகாசியில் விசாரித்தபோது ஒரு பாரம், அதாவது 16 பக்கம், என்றால் நம் கைக்கு அடங்கும் என்றார்கள். பதினாறு பக்கத்துக்குள் ஒரு வாழ்வு. லிசுபனுக்கு இரண்டு, கப்பலுக்கு ஒன்று, பண்டாரசாமியாக நடந்ததற்கு நான்கு என்று கணக்குப் போட்டோம். மரணத்தை எப்படி வரைவது என்று அந்தப் பெண் பல நாள் யோசித்தாள். கடைசியில் வாளை விட்டுவிட்டாள். சிறைக்குள் கரியை நீரில் கரைத்துச் சபைத் தோழர்களுக்கு இறுதி மடலை எழுதும் கையை மட்டும் பக்கம் முழுவதும் வரைந்தாள். அடுத்த பக்கம் வெறும் சிவந்த மணல்.

கடலாயிக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் பேச்சு எழுந்தது. "பிள்ளைகளுக்கு எதற்கு இந்தக் குடும்ப விவகாரம்?" என்றார் பெரியவர் ஒருவர். நல்லவர், இந்நூலுக்கு முதல் நன்கொடை தந்தவரும் அவரே. அவளைச் சொல்லாவிட்டால் குரு ஏன் கொல்லப்பட்டார் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகும் என்றேன். "அப்படியானால் கொலைக்குக் காரணமானவள் என்று எழுதுங்கள்" என்றார். மன்னன் ஆணையிட்டான், அவன் தம்பி நிறைவேற்றினான். முறையிட்டவள் எப்படிக் கொலைகாரி ஆவாள் என்று கேட்டது அங்கிருந்த ஒரு தாய். அவர் அதுவரை கூட்டத்தில் பேசியதே இல்லை. லிசுபன் பக்கங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டு, ஒன்பதாம் பக்கத்தைக் கடலாயிக்கு என ஒதுக்கினோம். பெரியவர் தடுக்கவில்லை, உடன்பட்டார் என்றும் சொல்ல முடியாது.

மாதிரிப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து வகுப்பில் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். ஒன்பதாம் பக்கத்தில் கடலாயி நமக்கு முதுகு காட்டிப் பல்லக்கில் ஏறுகிறாள். கீழே, 'கடலாயி அரண்மனைக்குத் திரும்பிப் போனாள்' என்று ஒரே வரி. அதைப் பார்த்துவிட்டு, எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி எழுந்து, "அவளைப் போகச் சொன்னது யாரு சார்? அவரே நேர்ல வந்து சொன்னாரா, இல்ல ஆள் விட்டுச் சொன்னாரா?" என்று கேட்டாள். ஓவியம் வரையும் பெண்ணும் அன்று வகுப்பில் இருந்தாள். நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மற்ற பதினைந்து பக்கங்களும் மையிட்டு முடிந்துவிட்டன. ஒன்பதாம் பக்கம் மட்டும் இன்னும் பென்சில் கோட்டில் இருக்கிறது.